ஒன்பதாம் மாடிக்குப் பூசணிக்காய்

வினிபெக்கில் அன்று மைனஸ் இருபத்தேழு.
லிஃப்ட் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது:
பழுது. உதிரிப்பாகம் வரவேண்டும்.
எப்போது வரும் என்று எழுதவில்லை.

முதல் நாள்
பகீரதன் நான்காம் மாடியில் இருந்துவிட்டார்,
படியில், சப்பாத்தோடு,
பனி உருகிக் காற்சட்டை நனைய.
"நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்றார்,
பஸ்ஸைத் தவறவிட்டவர் போல.

போன மாதம் டொக்டர் சொன்ன எண் எட்டு புள்ளி ஒன்று.
அதைத் துண்டில் எழுதி
ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்.
திறக்கும்போதெல்லாம் பார்ப்பார்.
பார்த்துவிட்டுத் திறப்பார்.

நடக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.
எங்கள் வீட்டில் அது
வெயில் வந்தபிறகு செய்கிற வேலை.
உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று இருக்கிறது.
என்னுடைய இரண்டு சுவெட்டரும்
நிவேதனின் பள்ளிக்கூடப் பையும்
அதில் சவாரி செய்கின்றன.
நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பத்து மணித்தியாலம் நிற்கிறவள்.
நிற்பதை நடை என்று
எத்தனை வருடமாய் எண்ணியிருந்தேன்,
ஆறாம் மாடியில் என் முழங்கால் திருத்தும்வரை.

சனிக்கிழமை, கடையில்தான் கணக்கு மாறியது.
வண்டிலில் வழக்கம்போல
இரண்டு லீற்றர் கோலா, ஆறு போத்தல்.
ஆரணி கேட்டாள், பதின்மூன்று வயது,
கண்ணை ஃபோனிலிருந்து எடுக்காமல்:
"இதை ஆர் தூக்கிறது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
போத்தல்கள் ஒவ்வொன்றாய்த் தட்டுக்குத் திரும்பின.
நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.
ஒன்பது மாடி சொன்னது, கேட்டார்கள்.

கீரைக்குப் பாரமில்லை.
கேல் ஒரு கட்டு, வெந்தயக்கீரை இரண்டு பிடி,
முட்டை ஒரு டசின்;
அதை நிவேதன் கைக்குழந்தை போல
அணைத்துக்கொண்டு ஏறினான்.
இருபது இறாத்தல் பாசுமதி மூட்டை
கார் டிக்கியிலேயே குளிரில் கிடந்தது.
வேண்டியபோது இறங்கிப்போய்
டப்பாவில் அள்ளி வந்தோம்.
அள்ளப் போகவேண்டும் என்றால்
அளவு தானாய்க் குறைகிறது.

பூசணிக்காயில்தான் தகராறு.
பகீரதன் ஒரு முழுக் காயைத் தூக்கிக்கொண்டார்.
வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
ஐந்தாம் மாடியில் என்னிடம் தந்தார்.
ஆறில் மரிவிக் அக்கா கதவைத் திறந்து
எங்களைப் பார்த்துக் கை தட்டினா.
ஏழில் ஆரணி வாங்கினாள், திட்டிக்கொண்டே.
எட்டில் திரும்ப அவரே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள்.
அன்றிரவு நான் மறுவளமாய்ச் செய்தேன்,
பூசணிக்காயில் சோற்றை மறைத்தேன்.
கோப்பை நிறையக் கறி,
அடியில் எங்கோ ஒரு கரண்டி வெள்ளை.
பகீரதன் தேடினார். கண்டுபிடித்தார். தின்றார்.
"இன்னும் கொஞ்சம்" என்று கோப்பையை நீட்டினார்.
நான் பூசணிக்காயையே போட்டேன்.
"தூக்கினது நீங்கள்தானே."

இருபத்திரண்டாம் நாள் லிஃப்ட் வந்தது.
புது எண்ணெய் மணம், பளிச்சென்ற பொத்தான்.
நால்வரும் ஏறினோம், வெட்கமில்லாமல்.
மிச்ச அரிசி மூட்டையும் ஏறியது.
கோலா இரண்டு போத்தலும்தான்,
ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆறாம் மாடியில் கதவு திறந்தது.
யாரோ அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.
நிவேதன் வெளியே பாய்ந்தான்:
"அப்பா, மிச்சம் மூண்டுதான்!"
பகீரதன் என்னைப் பார்த்தார்,
கையிலிருந்த பையைப் பார்த்தார்,
அதை ஆரணியின் தோளில் மாட்டிவிட்டு
ஏதோ முணுமுணுத்தபடி இறங்கினார்.

நாங்கள் அரிசியோடு மேலே போய்க் காத்திருந்தோம்.
படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால்
இரண்டு மூச்சு ஏறி வருவது கேட்டது.
எது அப்பனுடையது, எது பிள்ளையுடையது என்று
இன்னும்
பிரித்துச் சொல்லலாம்.